நிறச்சொற்களில் கை வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனுக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் ஊரில் என்னிடம் மொழிபெயர்ப்புப் பழக மூன்று பேர் வருகிறார்கள். மீன் வியாபாரிகளுக்கான ஒரு கைபேசிச் செயலியின் வாசகங்களைப் போன வாரம் மூவருக்கும் கொடுத்தேன். கடனுக்கு மீன் வாங்கிவிட்டுப் பணம் தராமல் இழுத்தடிப்பவர்களின் எண்களைத் தனியாகக் குறித்துவைக்க அதில் ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'பிளாக்லிஸ்ட்'.

ஒருவர் அதைக் 'கறுப்புப் பட்டியல்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அது இனவெறிச் சொல் என்று சொல்லித் 'தடைப்பட்டியல்' போட்டு, பக்கத்தில் அரைப் பக்க விளக்கமும் எழுதியிருந்தார். மூன்றாமவர் இருவர் எழுதியதையும் பார்த்துவிட்டு அந்த வரியை மட்டும் காலியாக விட்டிருந்தார். அன்று மதியம் முழுக்கச் சண்டை. நான் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூவரும் பேசியது ஒரு காலத்தில் நான் பேசியதுதான், ஒரு வார்த்தைகூட மாறவில்லை. அதற்கு நான் கொடுத்த விலையை இவர்களும் கொடுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை பழகப் பழகச் சரியாகிவிடும்.

சொல்லின் பிறப்பைச் சொல்லி வழக்கை முடிப்பது

இரண்டு தரப்பும் செய்கிற தவறு இது. 'பிளாக்லிஸ்ட்' அடிமை வணிகத்தில் பிறந்த சொல் என்பார் ஒருவர். இன்னொருவர், இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ், 1649இல் தன் தந்தையின் தலையை வெட்டக் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களை எழுதிவைத்த பட்டியல்தான் அது, இதில் தோல் நிறம் எங்கே வந்தது என்பார். இரண்டையும் எழுதிவிடாதீர்கள். அந்தத் தலை விழுவதற்கு முன்பே சொல் இருந்தது. 1639இல் அச்சான ஓர் ஆங்கில நாடகத்தில் வருகிறது. அப்போது அதன் பொருள் சந்தேகத்துக்கோ தண்டனைக்கோ ஆளானவர்களின் பட்டியல்.

சரி, அப்படியானால் சொல் சுத்தம் என்று முடித்துவிடலாமா? 'நாற்றம்' என்றால் பழந்தமிழில் நறுமணம். மல்லிகைப்பூ வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் போய் உங்கள் தலையில் நல்ல நாற்றம் என்று சொல்லிப் பாருங்கள். பழைய பொருள் இது, அகராதியைப் பாருங்கள் என்று அவரிடம் வாதாட முடியுமா? சொல் எங்கே பிறந்தது என்பதைவிட இன்று யார் காதில் எப்படி விழுகிறது என்பதுதான் மொழிபெயர்ப்பவனுக்கு வேண்டியது.

ஆங்கிலத்தில் எப்படி விழுந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 'பிளாக்லிஸ்ட்' தனியாக நிற்கும் சொல் இல்லை. கணினித் துறையில் அதற்கு 'வைட்லிஸ்ட்' என்று ஒரு ஜோடி உண்டு. வெள்ளை என்றால் உள்ளே விடு, கறுப்பு என்றால் வெளியே நிறுத்து. உணவகத்திலும் பேருந்திலும் பள்ளியிலும் அதே விதியின்படி பல தலைமுறை நிறுத்தப்பட்ட மக்கள் வாழும் அமெரிக்காவில், அந்த ஜோடியைத் தினமும் தட்டச்சு செய்பவர்களுக்கு அது உறுத்தியது. 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலுக்கு அடியில் உயிர்விட்ட பிறகு அந்த உறுத்தல் வெளிப்படையாகப் பேசப்பட்டது. அந்த வருடம் ஜூலையில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதுபவர்கள் புதிய நிரல்களில் இச்சொற்களைத் தவிர்க்க முடிவு செய்தார்கள். அதற்கு முன்பே பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் 'அனுமதிப் பட்டியல்', 'மறுப்புப் பட்டியல்' என்ற பொருள் தரும் சொற்களுக்கு மாறியிருந்தது. நிறத்தை எடுத்துவிட்டால் வேலை இன்னும் தெளிவாகத்தான் புரிகிறது என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த காரணமும் அதுதான்.

மீனின் பெயரை மாற்றுவது

கறுப்பு வவ்வால், வெள்ளை வவ்வால். இரண்டும் மீன். விட்டுவிடுங்கள்.

குறளைக் காட்டி வாயடைப்பது

அன்றைய சண்டையில் முதலாமவர் ஒரு குன்றிமணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வேலியோரக் கொடியில் பறித்ததாம். உருட்டிப் பார்த்தால் ரத்தச் சிவப்பு. நெற்றோடு ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் மை தொட்டு வைத்ததுபோல ஒரு கறுப்பு. அதைத்தான் 277ஆம் குறள் மூக்கு என்கிறது. வெளியே குன்றிமணி போலச் சிவப்பாகத் தெரிந்தாலும் உள்ளே அதன் மூக்கைப் போலக் கரியவர்கள் உலகத்தில் உண்டு என்று போலித் துறவிகளைச் சொல்லும் குறள். 'பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்மிடம் கறுப்பு என்றால் கெட்டதுதான், இதில் இனம் எங்கே இருக்கிறது?' என்றார்.

நல்ல சான்று, மறுக்கவில்லை. இருட்டுக்கும் அழுக்குக்கும் மனிதன் பயந்தது தோலைப் பார்த்து வந்த பயம் இல்லை. ஆனால் ஒரு குறளோடு எழுந்து போய்விடக் கூடாது. 844ஆம் குறளைப் பாருங்கள். தன்னை அறிவாளி என்று தானே நினைத்துக்கொள்ளும் செருக்குக்கு வள்ளுவர் வைக்கும் பெயர் 'வெண்மை'. வெளுப்பு என்றால் அறியாமை! 119ஆம் அதிகாரம் முழுவதும் பசப்பு. பிரிவில் பெண்ணின் மேனி நிறம் வெளிறிப் போவதுதான் அங்கே துயரம். அவள் இழந்துவிட்டதாக அழும் அழகுக்குச் சங்கப் பாட்டில் 'மாமை' என்று பெயர், மாந்தளிரின் நிறம். முல்லை நிலத்துக் கடவுளே மாயோன், கரியவன். மழைக்காலத்துக்கு நாம் வைத்த பெயர் கார். எங்கள் கடற்கரையில் விடிவதற்கு முன்னால் வள்ளத்தைத் தள்ளும் நேரம் கருக்கல். ஊர்க் காவலுக்கு நிற்பவர் கருப்பசாமி.

ஆங்கிலத்தில் வெள்ளை மேலே, கறுப்பு கீழே என்று இருப்பதுபோல நேரான ஏணி தமிழில் இல்லை. நம் நிறச்சொற்கள் வேறு மாதிரி அடுக்கப்பட்டவை, அவை குத்தும் இடமும் வேறு. அடுத்த தவறு அதிலிருந்துதான் வருகிறது.

ஆங்கிலச் சொல்லைத் திருத்திவிட்டுத் தமிழ் வாக்கியத்தை அப்படியே விடுவது

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

பாம்பனிலிருந்து ஏர்வாடி வரை கடற்கரையோரப் பெண்கள் பாசி எடுக்கிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய ஆழமில்லாத கடலில் மூழ்கி, பாறையில் பிடித்திருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பறித்து இடுப்புப் பைக்குள் போடுவார்கள். பாறை கிழித்துவிடாமல் இருக்க விரலுக்கு விரல் துணியைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். 1986இல் அந்தத் தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது முதல் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்ற நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. இந்தப் பெண்களுக்காக ஓர் அமைப்பு ஆங்கிலத்தில் தயாரித்த கையேடு என்னிடம் மொழிபெயர்ப்புக்கு வந்தது. பாதுகாப்பு, குழுக் கணக்கு, உடல்நலம், எடையில் ஏமாற்றும் வியாபாரிகளைச் சமாளிப்பது, இவ்வளவும் அதில் இருந்தன.

2020க்குப் பிறகு வந்த வேலை அது. எனக்கு இந்த விவாதம் நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு. வியாபாரிகள் பற்றிய அத்தியாயத்தில் 'பிளாக்லிஸ்ட்' பதினோரு இடத்தில் வந்தது. பதினோரு இடத்திலும் 'விலக்குப் பட்டியல்' என்று மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்று அமைப்புக்கு நீளமாகக் கடிதம் எழுதினேன். அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு நாள் போயிற்று.

அதே கையேட்டின் உடல்நலப் பகுதியில் என் கையால் இப்படி எழுதியிருந்தேன்: 'வெயிலிலும் உப்பிலும் கறுத்துக் களையிழந்த முகங்கள் இந்தப் பெண்களின் துயரத்தைச் சொல்கின்றன.' அதற்குக் கீழே ஓர் அறிவுரை: 'நிறம் கெடாமல் இருக்க முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.' ஆங்கிலத்தில் வெயிலும் காற்றும் அடிபட்ட முகம் என்றுதான் இருந்தது. தோல் எரிந்து கொப்பளிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் இருந்தது. கறுப்பையும் களையையும் நிறம் கெடுவதையும் சேர்த்தவன் நான். இயல்பான தமிழாக வந்திருக்கிறது என்று திருப்தியோடு சேர்த்தேன்.

600 பிரதிகள் அச்சாயின. பாம்பன் பக்கத்து ஊர் ஒன்றில் பூவரச மரத்தடியில் கூட்டம். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். அந்த வரி வந்ததும் நிறுத்திவிட்டாள். அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனாள். அவளுடைய அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே, 'ஏன் நிறுத்திட்ட, படி' என்றார். அவள் படித்தாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

'தம்பி, எங்க அம்மாவும் கறுப்பு. நானும் கறுப்பு. இந்தா, இவளும் கறுப்பு. இவ பாசிக்குக் கடல்ல இறங்குனதே இல்ல. இவ முகத்துல என்ன துயரத்தைக் கண்டீக?'

என்னிடம் பதில் இல்லை. பிறகு வேறொரு பெண், 'அந்த விலக்குப் பட்டியல்னா என்னங்க?' என்று கேட்டார். பதினோரு இடத்தில் நான் பாடுபட்டுப் போட்ட சொல் யாருக்கும் புரியவில்லை. புரிந்த வாக்கியம் அந்தப் பெண்ணைத் தலைகுனிய வைத்தது.

அந்தப் பக்கங்களை மறுபடியும் அச்சடித்துக் கொடுத்தோம். செலவு என் கூலியில் பிடிக்கப்பட்டது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்காவும் வரவில்லை, மகளும் வரவில்லை. அதுதான் இன்னும் கிடந்து அரிக்கிறது.

போன வாரம் தடைப்பட்டியலுக்கு அரைப் பக்கம் எழுதியவரின் தாளைப் புரட்டினேன். நான்காம் பக்கத்தில், செயலியை விளம்பரப்படுத்தும் படத்துக்கு அடியில், 'கறுப்பாக இருந்தாலும் களையான முகத்தோடு சிரிக்கும் மீன் வியாபாரி' என்று இருந்தது. ஆங்கிலத்தில் சிரிக்கும் மீன் வியாபாரி, அவ்வளவுதான். அந்த 'இருந்தாலும்' எங்கிருந்து வந்தது? நம் வீட்டிலிருந்து வந்தது. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வதிலிருந்து வந்தது. 'கலர் கொஞ்சம் கம்மி', 'மாநிறந்தான், ஆனா லட்சணம்', 'பிள்ளை செவப்பாப் பொறந்திருக்கு'. இந்தச் சொற்களில் ஒன்றுகூட எந்த ஆங்கிலப் பட்டியலிலும் இருக்காது. 'கம்மி', 'ஆனா', 'இருந்தாலும்' என்பவற்றில் நிறமே இல்லையே! ஆனால் வேலையைச் செய்வது அவைதான்.

பெயரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு முகப்பூச்சுக் குழாயே சாட்சி. 1975இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. ஒரு பெரிய திருமணத் தளம் அதே வருடம் தோல் நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை எடுத்தது. இரண்டும் வேண்டிய மாற்றங்கள்தான். ஆனாலும் எங்கள் தெரு மளிகைக் கடையில் பழைய பெயரைச் சொல்லித்தான் இன்றும் கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்களோ அதுவும் மாறவில்லை. சென்னையில் 2009இல் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் கை வைத்தது இந்த இடத்தில்தான்: கறுப்பாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்கும் பேச்சில்.

இப்போது நான் கடைப்பிடிப்பது இது. வேலை முடிந்ததும் மூலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறச்சொற்களை மட்டும் தேடுகிறேன். மூலத்தில் நிறம் இல்லாத இடத்தில் தமிழில் நிறம் இருந்தால் அது நான் கொண்டுவந்தது. ஏன் கொண்டுவந்தேன் என்று சொல்ல முடியாவிட்டால் எடுத்துவிடுகிறேன். 'மெலிந்த, கறுத்த உருவம்' என்று ஏழையைக் காட்டவும், 'சிவந்த மேனி' என்று அழகைக் காட்டவும் கை தானாகப் போகும், எனக்கும் போகிறது. 'முகம் கறுத்தது' என்பது வேறு, அது கோபத்தையும் வருத்தத்தையும் சொல்வது. கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள என்று தொல்காப்பியமே சொல்கிறது. அதையும் தோலையும் குழப்பிக்கொண்டு எல்லாவற்றையும் வெட்ட வேண்டாம்.

கறுப்பா கருப்பா என்று நாளைக் கழிப்பது

நிறத்துக்குக் கறுப்பு. கருப்பு என்றால் பஞ்சம் என்று பழைய பொருள் உண்டு. இன்று இரண்டும் புழங்குகின்றன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள்.

மாற்றுச்சொல்லைச் சோதிக்காமல் போடுவது

'கறுப்புச் சந்தை' வேண்டாம் என்றால் 'கள்ளச்சந்தை' இருக்கவே இருக்கிறது என்று எடுப்பார்கள். நல்ல பழைய சொல், பத்திரிகைகளிலும் உண்டு. எங்கள் வட்டாரத்தில் எழுதும்போது மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். வெள்ளையர் ஆட்சியின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பிலேயே திருடர் என்று முத்திரை குத்திய சமூகங்கள் தென் மாவட்டங்களில் இருக்கின்றன. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது 1947இல். கைநாட்டு வைக்கப் போலீஸ் நிலையத்துக்கு நடந்த தாத்தாவை நினைவில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அமெரிக்காவில் ஒருவருக்கு வலிக்கும் என்று ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் பக்கத்துத் தெருக்காரருக்கு உறுத்தும் சொல்லை அங்கே வைப்பதா? என்ன நடக்கிறதோ அதை எழுதினால் போதும். பதுக்கி விற்பது, கணக்கில் காட்டாத பணம், அனுமதி இல்லாத கடை.

சட்டத்தின் பெயரைத் திருத்துவது

வெளிநாட்டில் மறைத்துவைத்த வருமானத்துக்கும் சொத்துக்கும் வரி போடும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே 'கறுப்புப் பணம்' இருக்கிறது. அதை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லை.

வண்ணத்தையும் அடிமையையும் ஒரே மூட்டையில் கட்டுவது

'மாஸ்டர்' (எஜமான்), 'ஸ்லேவ்' (அடிமை) என்ற கணினிச் சொற்களும் இந்தப் பேச்சில் சேர்ந்தே வருவதால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். அங்கே பிரச்சினை நிறம் இல்லை, மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருந்தது. இணையதளம் கட்ட உதவும் ஜேங்கோ என்ற மென்பொருள் 2014இலேயே அவற்றை மாற்றியது, பைத்தான் என்ற நிரல்மொழி 2018இல். நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் 2020 அக்டோபரிலிருந்து புதிய களஞ்சியங்களின் முதற்கிளைக்கு 'மாஸ்டர்' போய் 'மெயின்' என்று பெயர். தமிழில் 'எஜமான் வட்டு', 'அடிமை வட்டு' என்று எழுதிய பழைய பாடநூலில்தான் நானும் படித்தேன். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் சட்டம் போட்ட நாடு இது. உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் அந்தச் சொல் என்ன கனம் கனக்கும் என்று தெரிந்தவர்கள் வட்டுக்கு அந்தப் பெயரை வைக்கமாட்டார்கள். 'முதன்மை', 'துணை' போதும், வேலை கெடாது.

உண்மையான இனச்சொல்லைக் கவனிக்காமல் போவது

பட்டியல் பெயருக்கு மல்லுக்கட்டும் அதே ஆள், செய்திக் குறிப்பில் 'நீக்ரோ' என்று சர்வசாதாரணமாக எழுதுகிறார். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டங்களில் மிச்சமிருந்த அந்தச் சொல்லையே 2016இல் நீக்கிவிட்டார்கள். நம் அகராதிகளில் ஆப்பிரிக்கரைக் குறிக்கும் 'காப்பிரி' என்றொரு சொல்லும் கிடக்கிறது. அதன் மூலச்சொல் தென்னாப்பிரிக்காவில் வாய்விட்டுச் சொல்லக்கூடாத வசை. கறுப்பினத்தவர், ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று இடத்துக்குத் தகுந்தபடி எழுதுங்கள். ஆங்கிலத்தில் 'பிளாக்' என்பதன் முதல் எழுத்தைப் பெரிதாகப் போடும் வழக்கம் 2020இல் பரவியதே, தமிழில் அதற்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. 'கறுப்பர்கள்' என்று வெறுமனே விடாமல் 'மக்கள்', 'இனத்தவர்' என்று சேர்த்து எழுதினால் அந்த மரியாதை வந்துவிடும்.

வாசித்துக் காட்டாமல் அனுப்புவது

ஞாயிற்றுக்கிழமை மூவரையும் கூட்டிக்கொண்டு பாம்பன் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போனேன். கூட்டம் கலைந்து, கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த நேரம். வியாபாரம் செய்யும் ஓர் அம்மாவிடம் கைபேசியைக் காட்டி, இந்த இடத்தில் இப்படிப்பட்டவர்களின் எண்களை எழுதிவைக்கலாம், இதற்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்கச் சொன்னேன். சண்டை போட்டவர்கள் இருவரும் தங்கள் சொல்லைச் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை.

அவர் யோசிக்கவே இல்லை. 'கடன் கொடுக்கக் கூடாதவங்கன்னு போடுங்க. வேற என்ன?'

திரையில் அந்தப் பெட்டி சின்னது. மூன்று சொல் இடிக்கிறது என்று மூன்றாமவர் அங்கேயே நின்று எழுத்துகளை எண்ணினார். 'கடன் கூடாது' என்று சுருக்கி அந்த அம்மாவிடம் மறுபடி காட்டினார். அவர் தலையாட்டிவிட்டு, அதில் முதலில் சேர்க்க வேண்டிய பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்.